சிறு தொழிலுக்கு நம்பகமான மார்க்கெட்டிங் ஆள்: தேடுவது முதல் கணக்கு முடிப்பது வரை

ஏஜென்சியிடம் ஏமாந்ததாகச் சொல்லும் கடைக்காரர்களைக் கொஞ்சம் விசாரித்தால், இழப்பு பெரும்பாலும் பணத்தோடு நின்றிருக்காது. ஃபேஸ்புக் பக்கத்தின் முழு அதிகாரம் ஏஜென்சியிடம் இருக்கும். இணையதள முகவரி அங்கே முன்பு வேலை பார்த்த யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். கூகுள் மேப்பில் கடையின் உரிமையாளராக வேறொருவர் இருப்பார். ஆளை மாற்றலாம் என்று நினைக்கும்போதுதான் இதெல்லாம் தெரியவரும். அதனால் ஆள் தேடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கணக்குப் போடுவது, மற்றது கணக்குகளை உங்கள் பெயரில் திறப்பது.

உதாரணத்துக்கு, காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்பும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

ஓர் ஆர்டருக்கு மூன்று லிட்டர் கடலெண்ணெய், விலை 1,050 ரூபாய் என்று வையுங்கள். கடலை, ஆட்டுக்கூலி, பாட்டில், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போகக் கையில் நிற்பது 220 ரூபாய். புதிதாக வாங்கும் பத்துப் பேரில் நான்கு பேர் அந்த ஆண்டிலேயே இன்னும் மும்மூன்று முறை வாங்கினால், மொத்தம் 22 ஆர்டர், 4,840 ரூபாய். அதாவது ஒரு புது வாடிக்கையாளரால் ஆண்டில் வரும் லாபம் 484 ரூபாய். அவரைக் கொண்டுவர ஆகும் செலவு இதைத் தாண்டினால், ஆர்டர் கூடக்கூட நட்டமும் கூடும்.

இப்போது விளம்பரத்துக்கு மாதம் 15,000, ஏஜென்சி கூலி 10,000 என்று ஒருவர் சொல்கிறார். மொத்தம் 25,000. இதை 484-ஆல் வகுத்தால், மாதம் 52 புது வாடிக்கையாளர்கள் வந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். விளம்பரச் செலவின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தாலோ, ஜிஎஸ்டி பதிவே இல்லாவிட்டாலோ அந்த வரி திரும்பக் கிடைக்காது. 15,000 என்பது 17,700 ஆகிவிடும். வழக்கமான பதிவு இருந்தால், கூகுள், மெட்டா விளம்பரக் கணக்குகளின் பில்லிங் பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்துவையுங்கள். அதைச் செய்யாததால் உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ளக்கூடிய ஜிஎஸ்டி) இழப்பவர்கள் நிறையப் பேர்.

விளம்பரத்துக்கு 5,000 மட்டுமே ஒதுக்க முடியும், கூலி 15,000 கேட்கிறார்கள் என்றால் அந்த ஏற்பாடு வேண்டாம். போடும் பணத்தில் முக்கால் பங்கு விளம்பரத்துக்கே போகாது. அந்த நிலையில் கூகுள் மேப் பதிவைச் சரிசெய்வது, நல்ல புகைப்படங்கள் எடுப்பது, பழைய வாடிக்கையாளர்களை வாட்ஸ்அப்பில் முறையாகத் தொடர்புகொள்வது ஆகியவற்றை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு புகைப்படக்காரரை ஒருநாள் அமர்த்துவது அப்போது ஏஜென்சியைவிட நல்ல செலவு.

கணக்குகள் உங்கள் பெயரில்

இந்த வேலைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். தொழிலுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று, உங்கள் பெயரில் வாங்கிய சிம் ஒன்று எடுத்து, கீழே சொல்லும் எல்லாவற்றையும் அவற்றில் திறக்க வேண்டும். இரண்டு கட்டப் பாதுகாப்பையும் போட்டுவிடுங்கள். வருகிற ஓடிபி எண்ணை ஏஜென்சி உட்பட யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை வராது, ஏனென்றால் இந்தத் தளங்கள் எல்லாவற்றிலும் பாஸ்வேர்டு கொடுக்காமலே அடுத்தவருக்கு அனுமதி தரும் வழி இருக்கிறது. "பாஸ்வேர்டு கொடுங்க சார், நாங்க பார்த்துக்கறோம்" என்று தொடங்குபவருக்கு அந்த வழி தெரியவில்லை, அல்லது அது வேண்டாம் என்று நினைக்கிறார். இரண்டுமே நல்லதில்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் மெட்டாவில் பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்ற ஒன்றைத் திறக்க வேண்டும். முன்பு அதன் பெயர் பிசினஸ் மேனேஜர். பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, விளம்பரக் கணக்கு, இணையதளம் இருந்தால் பிக்சல் (தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மெட்டாவுக்குச் சொல்லும் சிறு நிரல்), எல்லாம் அதற்குள் இருக்கட்டும். முழு அதிகாரம் உங்களுக்கும், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் இருப்பது நல்லது, ஒருவருடைய ஃபேஸ்புக் கணக்கு முடங்கினாலும் தொழில் முடங்காது. ஏஜென்சியை "பார்ட்னர்" என்று சேர்த்து, அவர்களுடைய போர்ட்ஃபோலியோ எண்ணைக் கேட்டுப் போட்டு, விளம்பரம் போடவும் பதிவிடவும் மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். விளம்பரக் கணக்கை அவர்களுடைய போர்ட்ஃபோலியோவில் திறக்க விட்டால், எந்த விளம்பரம் ஓடியது, யார் வாங்கினார்கள் என்று நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த விவரம் முழுவதும் அங்கேயே தங்கிவிடும். அதைப் பிறகு உங்கள் பக்கம் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை.

கூகுள் விளம்பரத்திலும் இதே முறைதான். உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, பணம் கட்டும் வழியாக உங்கள் கார்டையோ வங்கிக் கணக்கையோ கொடுங்கள். கணக்குக்குப் பத்து இலக்க எண் ஒன்று வரும். ஏஜென்சி, பலருடைய கணக்குகளை ஒரே இடத்திலிருந்து கையாளும் தன் மேனேஜர் கணக்கிலிருந்து அந்த எண்ணுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பும், நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். பிரியும்போது இணைப்பை மட்டும் துண்டித்தால் போதும், வரலாறு முழுவதும் உங்களிடம் இருக்கும். அந்தக் கணக்கில் "மாற்ற வரலாறு" என்று ஒரு பக்கம் உண்டு. யார், என்றைக்கு, என்ன மாற்றினார்கள் என்று அதில் வரிசையாகப் பார்க்கலாம்.

கூகுள் மேப்பில் வரும் பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளராக நீங்கள் இருங்கள், ஏஜென்சி மேலாளராக இருந்தால் போதும். ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால் அதே பக்கத்தில் உரிமை கோரலாம். இப்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம் தரப்படும். பதில் வராவிட்டால் நீங்களே சரிபார்த்துக் கைப்பற்றும் வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்கும். இந்தப் பதிவுக்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. "கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பில் இருந்து போய்விடும்" என்று வரும் அழைப்பு மோசடி, துண்டித்துவிடுங்கள்.

இணையதள முகவரியை நீங்களே வாங்குங்கள், ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்தான் ஆகும். "எங்கள் பேக்கேஜில் இலவசம்" என்று சொல்லி அவர்கள் பெயரில் பதிவதுதான் பின்னாளில் பெரிய தலைவலியாகிறது.

எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது

முதலில் உங்களைப் போன்ற, ஆனால் உங்களுக்குப் போட்டியில்லாத தொழில்களைப் பாருங்கள். எண்ணெய் விற்பவர், சிறுதானிய மாவு விற்பவரிடமும் நாட்டுச்சர்க்கரை விற்பவரிடமும் கேட்கலாம். ஊர் வணிகர் சங்கமும் கைகொடுக்கும். நன்றாக விளம்பரம் செய்யும் ஒரு கடையைக் கண்டால், செய்வது யார் என்று நேரில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலானோர் மறைக்காமல் சொல்வார்கள்.

பெயர் கிடைத்த பிறகு சரிபார்க்கும் வேலை. ஏஜென்சி காட்டும் வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மெட்டாவின் ஆட் லைப்ரரி எல்லோருக்கும் திறந்தது, லாகின்கூட வேண்டாம். அந்த வாடிக்கையாளரின் பக்கத்தைத் தேடினால் இப்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். மாதக்கணக்கில் ஒரே விளம்பரம் ஓடுகிறது என்றால் அது விற்பனை கொடுக்கிறது என்று ஊகிக்கலாம், நட்டத்துக்கு யாரும் அத்தனை நாள் பணம் கட்டமாட்டார்கள். செலவும் பலனும் அதில் தெரியாது. கூகுள் விளம்பரங்களைப் பார்க்க, 2023-இல் வந்த ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் இருக்கிறது. "இருபது பிராண்டுக்குச் செய்கிறோம்" என்றவரின் பட்டியலில் ஒரு பக்கத்தில்கூட விளம்பரம் ஓடவில்லை என்றால், அவர் செய்வது போஸ்டர் மட்டுமாக இருக்கலாம்.

ஜிஎஸ்டி எண் கொடுத்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிச் சட்டப்படியான பெயர், பதிவு தேதி, இப்போது செயலில் உள்ளதா என்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இல்லாததாலேயே ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம், தனியாள் பலருக்கு அது இருக்காது. பதிவு இல்லாமலே பில்லில் 18% சேர்ப்பவரைத்தான் விட்டு விலக வேண்டும்.

கூகுள் பார்ட்னர் முத்திரையைப் பெரிதாகக் காட்டுவார்கள். அதற்கான நிபந்தனைகள் மூன்று. 90 நாளில் அவர்கள் கையாளும் கணக்குகளில் 10,000 டாலர் விளம்பரச் செலவு, கணக்குகளின் அமைப்புக்குக் கூகுள் போடும் ஆப்டிமைசேஷன் மதிப்பெண் 70%, விளம்பரம் கையாளும் ஆட்களில் பாதிப் பேருக்குச் சான்றிதழ். இதில் உங்கள் லாபத்தைப் பற்றி ஒன்றுமில்லை. முத்திரை இருந்தால் வேலை பழக்கம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அர்த்தம் கொடுக்க வேண்டாம்.

பழைய வாடிக்கையாளர் இருவரிடமாவது பேசுங்கள், அதில் ஒருவர் அவர்களை விட்டு விலகியவராக இருக்கட்டும். "விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருந்தது, விலகும்போது என்னவெல்லாம் கொடுத்தார்கள்?" இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் மற்ற எல்லாப் பாராட்டையும்விட அதிகம் சொல்லும்.

பேசும்போது

நல்ல ஆள் முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். ஓர் ஆர்டரில் எவ்வளவு நிற்கும், திரும்ப வாங்குபவர் எத்தனை பேர், வாட்ஸ்அப் செய்திக்கு யார் பதில் சொல்கிறார், எந்த ஊர்வரை அனுப்புவீர்கள் என்றெல்லாம் கேட்பார். இதில் ஒன்றுகூடக் கேட்காமல் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பேக்கேஜ் விலைப்பட்டியல் நீட்டுபவரிடம் பண்டிகை வாழ்த்துப் போஸ்டர்கள்தான் கிடைக்கும். மாதம் முப்பது போஸ்டர் போட்டு ஒரு லிட்டர் எண்ணெய்கூடக் கூடுதலாக விற்பதில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "தினம் 500 ரூபாய் கொடுத்தால் அதை எத்தனை விளம்பரத் தொகுப்பாகப் பிரிப்பீர்கள்?" தொகுப்பு என்பது ஒரே வகை ஆட்களுக்கு ஒன்றாகக் காட்டப்படும் சில விளம்பரங்கள். மெட்டாவில் ஒரு தொகுப்பு யாருக்குக் காட்ட வேண்டும் என்று கற்றுக்கொள்ள வாரத்துக்கு ஏறக்குறைய 50 பலன்கள் தேவை. பலன் என்பது, நீங்கள் தேர்ந்தெடுத்தது எதுவோ அது, செய்தி வருவதோ வாங்குவதோ. 500 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் எதுவும் அந்த எண்ணிக்கையை எட்டாது. தினமும் கைவைத்து மாற்றினாலும் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒன்று அல்லது இரண்டு தொகுப்பு, அதற்குள் மூன்று நான்கு வீடியோ, ஒரு வாரம் தொடாமல் விடுவது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை தெரிகிறது.

கூகுள் விளம்பரம் என்றால், இடத் தேர்வை எப்படி வைப்பீர்கள் என்று கேளுங்கள். தானாக வரும் அமைப்பில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்துவிடுவார்கள். ஈரோட்டில் மட்டும் டெலிவரி செய்யும் கடைக்கு வெளிமாநிலக் கிளிக் வருவது இப்படித்தான். உண்மையில் என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்று காட்டும் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, "எண்ணெய் மெஷின் விலை" போன்ற வேண்டாத தேடல்களை விலக்குகிறார்களா என்பதும் முக்கியம்.

எஸ்இஓ (காசு கொடுக்காமல் கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்பவர் முதலிடம் உத்தரவாதம் என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பதும் அதிலேயே உள்ளது.

வீடியோ போடும் உணவுப் பிரபலங்களை அமர்த்துவதானால் ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பார்வையாளர் எந்த ஊர்க்காரர் என்று காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தைத் திரைப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைத் திருத்துவது எளிது. காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகக் குறிப்பிடவும் வேண்டும்.

ஒப்பந்தமும் சோதனைக் காலமும்

எடுத்தவுடன் ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம். ஆறு வாரம், கூலி கொடுத்து, ஒரே ஒரு பொருளுக்கு. இலவசமாகச் செய்து காட்டச் சொல்லாதீர்கள், இலவச வேலையில் யாரும் முழுக் கவனம் வைப்பதில்லை, நல்ல ஆட்கள் அதற்கு வரவும் மாட்டார்கள்.

கூலியும் விளம்பரச் செலவும் தனித்தனியாக இருக்க வேண்டும். விளம்பரப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்கோ கூகுளுக்கோ போகட்டும். "மொத்தமா 25,000 கொடுங்க" என்றால் அதில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியாது. செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசினால் செலவைக் கூட்டத்தான் ஆசை வரும். ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்றால் வாங்காதவர்களின் எண்கள்தான் குவியும். சிறு தொழிலுக்கு நிலையான மாதக் கூலியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. சோதனைக் காலத்துக்குப் பாதி முன்பணம், மீதி முடிவில். டிடிஎஸ் (கூலி கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். என்ன வேலை, எத்தனை வீடியோ, யார் எடுப்பது, எந்த நாளுக்குள் என்பதோடு, விலக விரும்பினால் 15 அல்லது 30 நாள் முன்னறிவிப்பு. எடிட் செய்யும் மூலக் கோப்புகள், வெட்டாத வீடியோ எல்லாம் உங்களிடம் வரவேண்டும். லோகோ, வீடியோ, எழுத்து ஆகியவற்றின் காப்புரிமை உங்களுக்கு மாற்றப்படுகிறது என்று எழுத்தில் இருக்கட்டும். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் கால அளவு சொல்லாவிட்டால் அது ஐந்து ஆண்டு மட்டும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்களைச் சேருங்கள். உங்கள் வாடிக்கையாளர் எண்களை வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதும் ஒரு வரி.

இன்னொரு வரியை உணவுத் தொழில் செய்பவர்கள் விடவே கூடாது: நீங்கள் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எந்த வாசகமும் வெளியாகக் கூடாது. "சர்க்கரை நோயைக் குணமாக்கும் எண்ணெய்" என்று ஆர்வக்கோளாறில் ஒருவர் எழுதிவிட்டால், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்துக்குள் வந்து நிற்பது நீங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. போலி ரிவ்யூ வாங்கித் தருகிறேன் என்பவரும் இதே வகையில் ஆபத்தானவர். கூகுள் கண்டுபிடித்தால் நல்ல ரிவ்யூக்களும் சேர்ந்து போகலாம், பதிவே முடக்கப்படலாம். ரீல்ஸில் சினிமாப் பாட்டுப் போடுவதும் வேண்டாம். தொழில் கணக்குக்கு அந்த உரிமை இல்லை, மெட்டாவின் சொந்த இசைத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

மொத்தமாக வாட்ஸ்அப் அனுப்பும் மென்பொருள் வைத்திருப்பதாகச் சொல்பவரிடம் உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். அங்கீகாரமில்லாத மென்பொருள் வழியாக அனுப்பினால் எண் தடைசெய்யப்படும், பல ஆண்டு வாடிக்கையாளர்கள் சேமித்துவைத்த எண் அது. எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் தலைப்பையும் (அனுப்புநராகத் தெரியும் பெயர்) வாசகத்தையும் பதிந்த பிறகுதான் அனுப்ப முடியும்.

வாராவாரம் எதைப் பார்ப்பது

லைக், ரீச், வியூ இவற்றை ஏஜென்சி பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு நோட்டில் நான்கு எண்களை எழுதுங்கள்: விளம்பரச் செலவு, புதிதாக வந்த விசாரணை, அதில் ஆர்டர் ஆனது, திரும்ப வாங்கிய பழையவர்கள். வாட்ஸ்அப் பிசினஸில் "விளம்பரம்", "ஆர்டர்" என்று இரண்டு லேபிள் வைத்து, வருபவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று ஒரு வரி கேட்டால் கணக்கு தானாக வந்துவிடும்.

விசாரணை நிறைய, ஆர்டர் இல்லை என்றால் குறை இரண்டு இடத்தில் இருக்கலாம். விளம்பரத்தில் விலை சொல்லாததால் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் வருகிறார்கள். அல்லது உங்கள் பக்கம் பதில் தாமதமாகிறது. காலையில் வந்த செய்திக்கு இரவு பதில் போனால் அதற்கு ஏஜென்சியைக் குறைசொல்ல முடியாது. விலையை வீடியோவிலேயே போடச் சொல்லி, பதில் சொல்ல ஓர் ஆளை வைத்து, இரண்டு வாரம் பாருங்கள். அதன் பிறகும் ஒரு புது வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு உங்கள் 484-ஐத் தாண்டியே நின்றால், சோதனைக் காலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறிக்கையைப் பிடிஎஃப் ஆக வாங்குவதோடு நிற்காமல், விளம்பரக் கணக்கை நீங்களே திறந்து அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விலகும்போது

அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பே எல்லாக் கணக்கிலும் முழு அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூலக் கோப்புகளை இறக்கி, திறந்து பார்த்துச் சரியா என்று உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு மெட்டாவில் பார்ட்னரை நீக்குவது, கூகுள் விளம்பரத்தில் மேனேஜர் இணைப்பைத் துண்டிப்பது, பிசினஸ் புரொஃபைலில் மேலாளரை எடுப்பது, வாட்ஸ்அப்பில் இணைத்த கருவிகளை வெளியேற்றுவது என்று வரிசையாகச் செய்யுங்கள். அவர்கள் தொடங்கிய விளம்பரங்களில் வேண்டாதது இன்னும் ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஆள் போன பிறகும் கார்டில் பணம் போய்க்கொண்டிருப்பது இதனால்தான்.

பலர் தவறவிடும் ஓர் இடம், கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல். உரிமையாளர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினாலும், அவர் சரிபார்ப்புக்காக உங்கள் தளத்தில் வைத்த கோப்போ, இணையதள முகவரியின் அமைப்பில் சேர்த்த டிஎன்எஸ் பதிவோ அப்படியே இருந்தால் மறுபடி உரிமையாளராகிவிட முடியும். அதையும் சேர்த்து அழிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் மீதிக் கூலியை அன்றைக்கே கொடுத்து, வேலை ஒப்படைக்கப்பட்டது என்று இரு பக்கமும் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.